ஹரிக்கேனுக்குப் பின்னால் தெரிந்த மலை

1

மாத்தளையிலிருந்து யாராவது தொலைபேசியில் பேசும்போது, "சனி ஞாயிறுல என்ன செய்வீங்க?" என்று கேட்டால், பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடிக்கும். கோயிலுக்குப் போகிறேன் என்றோ தமிழ்ப் பாடசாலையில் உதவுகிறேன் என்றோ சொன்னால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். பழைய போர் விமானங்களைப் படமெடுக்கப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னால் மறுமுனையில் பேச்சு நின்றுவிடும். பிறகு, "ஆ, அப்படியா" என்பார்கள். அதற்கும் பிறகு இங்கே மழை எப்படி என்று கேட்பார்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம். தட்டை நிலம். மாத்தளையில் வளர்ந்தவனுக்கு இவர்கள் மலை என்று காட்டுவதெல்லாம் வயல் வரம்பாகத்தான் தெரியும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்தத் தட்டை நிலமெங்கும் விமானத் திடல்கள் போட்டார்கள். பெரும்பாலானவற்றில் இப்போது கோதுமை விளைகிறது. எஞ்சியவற்றில் ஒன்று என் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயுள்ள பெரிய கொட்டகையில் அந்தக் கால விமானங்களைத் திருத்தி மறுபடி பறக்க வைக்கிறார்கள். வேலிக்கு வெளியே நாங்கள் ஒரு கூட்டம் நிற்போம். வேலிக்கு மேலால் படமெடுக்க ஆளுக்கொரு மடக்கு ஏணி, கழுத்தில் கமரா, காலடியில் தேநீர்க் குடுவை. அனேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். நானும் ரயில்வேயில் நேர அட்டவணை தயாரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான்.

வெளியாருக்கு விசித்திரமாகத் தெரியும் கட்டுப்பாடுகள் எங்களிடம் உண்டு. விசிறி பூட்டிய விமானத்தை வேகமான ஷட்டரில் எடுக்கக் கூடாது. எடுத்தால் எஞ்சின் நின்றுபோனது போல விசிறி அப்படியே உறைந்து நிற்கும். நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போல இருக்கும். ஷட்டரை மெதுவாக வைத்து, விமானம் போகும் வேகத்திலேயே உடம்பையும் திருப்பி எடுக்க வேண்டும். அப்போது விசிறி வட்டமாகக் கலங்கும், விமானம் மட்டும் துல்லியமாக விழும். நான் சேர்ந்த புதிதில் காட்டிய முதல் படத்தைப் பார்த்து எங்கள் தலைவர் கிரஹாம், "பாவம் விமானி, இறங்கினாரா விழுந்தாரா?" என்று கேட்டார். அவர் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். மற்றவர்கள் சிரித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நாங்கள் வருடத்துக்கொரு மலர் வெளியிடுகிறோம். அதில் எந்தப் படத்துக்குக் கீழும் எடுத்தவர் பெயர், திகதி, இடம் மூன்றும் இருக்க வேண்டும். 'இருக்கலாம்', 'போலத் தெரிகிறது' என்ற சொற்களுக்கு இடமில்லை. தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. பல வருடமாக அந்தக் குறிப்புகளை எழுதுவது நான்தான்.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அவள் திடலுக்கு வருவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் அல்ல. சனிக்கிழமை விமானம் எங்கள் வீட்டுக்கு மேலால் போனால் எழுந்து யன்னலைச் சாத்துவாள், பிறகு விட்ட வேலையைத் தொடர்வாள். மகள் ஆர்த்தி மான்செஸ்டரில் வேலை செய்கிறாள். அவள் கேட்பதை மறைத்துக் கேட்க மாட்டாள்.

"அப்பா, எல்லாம் ஆட்களைக் கொல்லுறதுக்குச் செஞ்ச மெஷின்தானே? அதுக்கு ஏன் பொலிஷ் போட்டு வச்சிருக்காங்க?"

"ஒரு காலத்தில் நடந்ததை அழியாமல் வைத்திருக்கத்தான்" என்று நான் சொன்னேன்.

"அதுக்கு ஒரு புத்தகம் போதாதா?" என்றாள்.

2

சென்ற வருடம் அந்தக் கொட்டகைக்கு ஒரு ஹரிக்கேன் வந்தது. ஒரே ஆள் ஓட்டும் சண்டை விமானம். ஒரு செல்வந்தர் அதன் உடைசல்களை வாங்கி, பல வருடமாகச் செலவு செய்து திருத்தியிருந்தார். வேலை முடிந்து, சாயம் பூசுவதுதான் மிச்சம். திருத்திய விமானத்துக்கு நினைத்த நிறத்தைப் பூசிவிட முடியாது. உண்மையில் பறந்த ஒரு விமானத்தைத் தேர்ந்து, அதன் எழுத்துக்கள், அடையாளங்கள், வட்டக்குறிகள் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவர வேண்டும். சொந்தக்காரர் ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்திருந்தார். ஒரு மண் திடலில் ஒரு ஹரிக்கேன், அதன் இறக்கையில் சாய்ந்தபடி இரண்டு இளைஞர்கள், பின்னால் மலை. படத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இது எங்கே எடுத்தது என்று நிச்சயமானால் இந்த விமானத்தின் நிறத்தையே பூசுவேன். நிச்சயமில்லை என்றால் கென்ட் வானில் பறந்த ஒன்றின் நிறம்" என்றார் சொந்தக்காரர்.

தென் இங்கிலாந்தின் அந்தக் கென்ட் நிறத்தில் ஹரிக்கேன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதனால் எங்கள் கூட்டம் அந்தப் படத்தைச் சுற்றி உட்கார்ந்தது. விமானத்தின் உடலிலிருந்த பிரிட்டிஷ் வட்டக்குறியைப் பார்த்தவுடன் ஒன்று தெரிந்தது. நடுவில் இருக்க வேண்டிய சிவப்புப் பொட்டு இல்லை. ஜப்பானியரின் சூரியன் என்று எண்ணித் தங்கள் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், ஆசியப் பக்கம் பறந்த விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஆகவே இது ஆசியா. ஆனால் ஆசியா பெரிது. பெவர்லிக்கு வேறு கவலை. அவர் முன்னாள் தாதி, எங்களில் கமராவில் மிகக் கெட்டிக்காரி. நடுவில் உள்ள வெளிர் நீலம் எவ்வளவு வெளிர் என்று கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து எப்படிச் சொல்வது? அதற்காக இரண்டு மாதம் பழைய சாயக் குறிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பர்மா" என்றார் கிரஹாம்.

"அஸ்ஸாமாகவும் இருக்கலாம்" என்றார் பெவர்லி.

நான் விமானத்தைப் பார்க்கவில்லை. பின்னாலுள்ள மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முகடுகள். இடது பக்கத்தது வழுக்கை, வலது பக்கத்தது தாழ்ந்தது. இடையில் கத்தியால் கொத்தியது போல ஒரு வெட்டு.

"இது என் ஊர்" என்றேன்.

என் அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞர். அவருடைய சொந்த ஊர் சாவகச்சேரி, எனக்கு மாத்தளை. பாடசாலை விடுமுறையில் அவர் மாவட்டத்தின் வடக்குப் பக்கம் போகும்போது என்னையும் ஜீப்பின் பின்னால் ஏற்றிக்கொள்வார். அந்தப் பக்கத்தில், யுத்த காலத்தில் போட்டு யுத்தம் முடிந்ததும் விட்டுப் போன ஒரு ஓடுபாதை இருந்தது. ஊர்ச் சனம் அதில் நெல் காயப் போடுவார்கள். அப்பா குளக்கட்டுக் கணக்குகளைப் பார்த்து முடிக்கும்வரை நான் அந்த ஓடுபாதையில் ஓடுவேன். ஓடும்போது எதிரே தெரிவது அந்த இரட்டை முகடும் வெட்டும்தான்.

கிரஹாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மகேன், நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்புவது ஆதாரமாகாதே" என்றார்.

"தெரியும்" என்றேன். மற்றவர்களிடம் அதையே பல தடவை சொன்னவன் நான்.

ஆதாரத்துக்கு ஒரு வழி உண்டு. பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று இன்று ஒரு படம் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது. மரம் மாறும், கல் மாறாது. படத்தில் இறக்கைக்குப் பின்னால் ஆமை போல ஒரு பாறை தெரிந்தது. அந்தப் பாறையும் தூரத்து வெட்டும் ஒரே நேர்கோட்டில் வரும் வரைக்கும் இடமோ வலமோ நகர வேண்டும். அப்படிச் சரியாக வரும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஒக்டோபர் முதற் சனிக்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும் என்றார் சொந்தக்காரர். ஓகஸ்டில் நான் எப்படியும் ஊருக்குப் போவதாக இருந்தது.

3

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓடுபாதை எந்த ஊரில் இருக்கிறது என்பதை நான் எழுதப் போவதில்லை. நசீர் என்று நான் குறிப்பிடும் நண்பனின் பெயரும் நசீர் அல்ல. இந்தக் குறிப்பை அவன் வாசித்துச் சரி சொன்ன பிறகே வெளியிடக் கொடுக்கிறேன்.

நசீரும் நானும் ஒரே வகுப்பு. அவன் மாத்தளையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். நான் போன நாள் கடை வாசலில் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்கள். நசீர் ஒவ்வொரு பிள்ளையின் நாடியையும் ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, "சிரிக்காத மகள், இது கலியாண போட்டோ இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் வரிசை முடியும்வரை வரவில்லை.

"கலியாணமெல்லாம் இப்ப பொடியன்மாரு ட்ரோன் வச்சி எடுக்கிறானுவ மச்சான்" என்றான் பிறகு. "என்ட அடுப்பு எரியிறது இந்த ஐடென்டிக் கார்ட்டுல. அதுக்கு ரெஜிஸ்டர் பண்ணின ஸ்டூடியோ வேணும். அந்த ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் போனா கடைய மூடிட்டு நானும் ஒன்ட விமானத்துக்கு ஏணி புடிக்க வர வேண்டியதுதான்."

நான் படத்தைக் காட்டினேன். அவன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"இடம் அதுதான்" என்றான். "ஆனா மச்சான், இப்ப அதுக்குப் பக்கத்துல ஆமிக் காம்ப் ஒண்டு ஈக்குது. தெரியுமா?"

"நாங்கள் காம்பை எடுக்கப் போவதில்லையே."

"அத நீ எனக்குச் செல்ற. எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு செல்றது?"

அவன் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு, முஸ்லிம் என்பதால் அவன் கடையை இரண்டு தடவை சோதித்திருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்க ஒன்றும் இருக்கவில்லை. இருந்தாலும் அந்த இரண்டு நாளும் கடை வாசலில் நின்று பார்த்த சனத்தை அவன் மறக்கவில்லை. அதை எனக்கு அவன் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தான். சொல்லக் கேட்டதும் அங்கே இருந்ததும் ஒன்றல்ல. நான் ஊரை விட்டுப் போன காலத்தில் கமராவுடன் வானத்தை அண்ணாந்து பார்த்தாலே, பிடித்துப் போய்விடுவார்கள் என்று அம்மா உள்ளே இழுப்பார். இத்தனை வருடம் வேலி ஓரத்தில் ஏணி போட்டு நின்றதில் அந்தப் பயம் என்னிடமிருந்து எப்படியோ கழன்று விழுந்திருந்தது.

"வேண்டாம் என்றால் விடுவோம்" என்றேன். ஆனால் படத்தை உறையில் போடாமல் மேசையிலேயே வைத்திருந்தேன்.

நசீர் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "மூஞ்சிய அப்பிடி வைக்காத. வெள்ளிக்கிழமை ஜும்மா ஈக்குது. சனிக்கிழமை போவோம்."

4

அவனுடைய வான் வண்டியில் போனோம். அதன் பக்கவாட்டில் ஸ்டூடியோ பெயரும் ஒரு மணமகன் மணமகளின் படமும் ஒட்டியிருந்தன. கமரா அவனுடையது, என்னுடையதைவிட நல்லது. நான் பழைய படத்தைக் கையில் பிடித்தபடி, "இடப் பக்கம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லச் சொல்ல அவன் நண்டு போல நகர்ந்தான். ஓடுபாதையின் பெரும்பகுதி காடாகிவிட்டது. முள்ளுப் பற்றைகளுக்கு நடுவே சரளைக் கல் மட்டும் தெரிந்தது. ஆமைப் பாறை இருந்தது. ஒரு கட்டத்தில் பாறையின் மூக்கும் மலையின் வெட்டும் ஒரே கோட்டில் வந்து நின்றன. படத்திலுள்ள இரண்டு இளைஞர்களும் எனக்கு முன்னால், கையை நீட்டினால் தொடக்கூடிய இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

"வந்திச்சா?" என்றான் நசீர்.

"வந்துவிட்டது. மயிரிழை பிசகவில்லை."

"அப்ப நவுராம நில்லு. ஒன்ட நிழல் விழுது." அவன் தொடர்ந்து எடுத்தான்.

முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளில் இரண்டு இராணுவச் சிப்பாய்கள் வந்தார்கள். மிகவும் இளையவர்கள், மரியாதையாகப் பேசினார்கள். கமராவைப் பார்த்தார்கள், என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்கள், எங்கேயோ தொலைபேசியில் கேட்டார்கள். பிறகு பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர். பகல் உணவுப் பொதி மேசை ஓரத்தில் பிரிக்காமல் இருந்தது. நசீர் சிங்களத்தில் நன்றாகப் பேசுவான். கலியாண ஜோடிகளைப் படமெடுக்க நல்ல இடம் தேடி வந்தோம், என்னுடன் வந்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த நண்பர் என்று சொன்னான். அதில் முழுப் பொய் இல்லை. அவன் அந்த வேலைக்கு அப்படி இடம் தேடுவதும் உண்டு. அதிகாரி வானில் ஒட்டியிருந்த மணமக்களை யன்னல் வழியாகப் பார்த்தார். தலையாட்டினார். பெரிய புத்தகத்தைத் திறந்து, எழுதியதை உரக்கச் சொல்லியபடி எழுதினார்: இன்ன பெயருடைய இருவர், திருமணப் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்து, மலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது...

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"மன்னிக்க வேண்டும். அது சரியில்லை" என்றேன், துருப்பிடித்த சிங்களத்தில்.

எழுதிய கை நின்றது.

"மலை பின்னணி மட்டும்தான்" என்று விளக்கினேன். "நாங்கள் எடுத்தது அந்த இடத்தை. யுத்த காலத்து ஓடுபாதை அது." அது போதாதென்று உறையைத் திறந்து பழைய படத்தை அவருடைய உணவுப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன். துப்பாக்கிகள் பூட்டிய ஒரு போர் விமானம் மேசையில் கிடந்தது.

நசீர் கண்ணை மூடிக்கொண்டான்.

இதை இப்போது எழுதும்போது எனக்கே விளங்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒருவர் ஒரு பதிவேட்டில் தவறான விவரத்தை எழுதுகிறார், எனக்குச் சரியான விவரம் தெரியும், நான் திருத்துகிறேன். பல வருடமாக நான் செய்துவரும் வேலை அது.

அதிகாரி படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நசீரிடம் கேட்டார்: "இவர் எப்போதுமே இப்படியா?"

"ஸ்கூல் காலத்துல இருந்தே சேர்" என்றான் நசீர். "மாஸ்டர் வரவு கூப்பிட மறந்தா இவருதான் ஞாபகப்படுத்துவாரு. நாங்க கட் அடிச்ச நாள்லயும்."

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் பேனையைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நான் மலை என்று எழுதினால் இது இந்தப் பக்கத்தோடு முடியும். ஓடுபாதை, போர் விமானம், வெளிநாட்டுச் சங்கம் என்று எழுதினால் மேலே அனுப்ப வேண்டும். மேலே இருந்து கொழும்புக்குப் போகும். விசாரிக்க ஆள் வருவதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்?"

நான் நசீரைப் பார்க்கவில்லை.

"இவருக்குக் கடை இருக்கிறதாம். அரசாங்கப் பதிவு இருக்கிறதாம். அடுத்த தடவை அந்தப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது இங்கே ஒரு விசாரணை திறந்து கிடந்தால் நல்லதா? சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை எழுதுகிறேன்."

"மலை" என்றேன்.

அவர் எழுதி முடித்தார். இருவரும் கையெழுத்திட்டோம். சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன்; என் பெயரில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. ஒரு கான்ஸ்டபிள் கமராவிலிருந்த அன்றையப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். புறப்படும்போது அதிகாரி எழுந்து வந்து, தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார்.

"நாளைக்கு இதே மலை ஓடுபாதை என்று எங்கேயாவது வந்தால், இவர் சொன்னது பொய்யாகிவிடும். நான் எழுதியதும் பொய்யாகிவிடும். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

5

திரும்பும் வழியில் பலாபத்வல வந்ததும் நசீர் வேகத்தைக் குறைத்தான். அங்கே ஒரு கடையில் வானை நிறுத்தி, பால் விடாத பிளேன்ரீ இரண்டு சொன்னான். நான் பரிமாறியவருக்குத் தேங்க்யூ சொன்னேன். அந்தப் பழக்கத்தைக் காலையிலிருந்து கேலி செய்துகொண்டிருந்தவன் இப்போது செய்யவில்லை. தேநீரில் பாதி குடித்த பிறகுதான் வாய் திறந்தான்.

"நீ அங்க ரொம்ப உண்மை பேசிப் பழகிட்ட மச்சான்."

"தெரியும். தவறுதான்."

"தவறெண்டு செல்லேல்ல. அங்க உண்மை பேசினா ஒன்ட புக்குல போடுவாங்க. இங்க பேசினா வேற புக்குல போடுவாங்க." கடைக்காரர் பக்கத்தில் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான். "என்ட வீட்டுல ஒண்டும் செல்லாத. அவ கேட்டா ரெண்டு மாசத்துக்குச் சரியா ஒறங்க மாட்டா."

பிறகு கமராவைத் திறந்து, உள்ளே படங்கள் பதியும் சிறிய மெமரி அட்டையை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தான்.

"அழிச்சதெல்லாம் உள்ளுக்குத்தான் ஈக்குது. ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதுக்கு மேல புதுப் படம் விழாத வரைக்கும் கொம்பியூட்டர்ல போட்டு எடுத்திரலாம். போன மாசமும் ஒரு மாப்பிள்ள தெரியாம அழிச்சத எடுத்துக் குடுத்தேன்."

"நீயே வைத்துக்கொள். இல்லாவிட்டால் உடைத்துப் போடு."

"என்ட கையில இருந்தா பயத்துல ஒடைச்சிருவேன். அதுக்குத்தான் ஒனக்குத் தாறேன்." அட்டையை என் பக்கம் தள்ளினான். "சின்ன வயசில இருந்து நீ இப்பிடி ஒண்டுக்கு ஆசப்பட்டு நான் கண்டதில்ல. மயிரிழை பிசகலெண்டு சென்னியே, அப்ப ஒன்ட மூஞ்சியப் பாத்தேன். கொண்டு போ. என்ன செய்யிறதெண்டு நீயே முடிவெடு. எனக்குச் செல்லவும் வேணாம்."

"உன் பெயர் வந்துவிடும்" என்றேன். எங்கள் மலரில் எடுத்தவர் பெயர் இல்லாமல் படம் போவதில்லை. மலர் இணையத்திலும் போகிறது. அதையும் அவனுக்கு விளக்கினேன்.

"அப்ப அதையும் சேத்து யோசி" என்றான். தேநீருக்கு அவனே கொடுத்தான்.

6

ஒக்டோபர் முதற் சனிக்கிழமை கொட்டகைக்குப் பக்கத்திலுள்ள சிற்றுண்டிச்சாலையில் கூடினோம். சாயம் பூசாத ஹரிக்கேன் யன்னலுக்கு வெளியே நின்றது. சொந்தக்காரர் வந்திருந்தார். பெவர்லி தான் கலந்து பார்த்த வெளிர் நீலங்களைச் சிறிய மட்டைகளில் பூசி, சீட்டுக்கட்டுப் போல மேசையில் பரப்பியிருந்தார். நசீர் தந்த அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. ஊரிலிருந்து வந்ததிலிருந்து அதை நான் கொம்பியூட்டரில் போடவில்லை, எறியவும் இல்லை.

இதை அந்த மேசையில் இருந்தவர்கள் யாரும் வாசிக்கப் போவதில்லை. ஆர்த்திக்கும் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. பதினொரு வயதில் தமிழ்ப் பாடசாலையை விட்டபோது அவளை நான் வற்புறுத்தவில்லை. அன்று அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இன்று என் வீட்டில் நடந்ததையே ஒளிவு மறைவில்லாமல் எழுத முடிகிறது என்றால் அவளால் வாசிக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம்.

கிரஹாம் பழைய படத்தை நடுவில் வைத்தார்.

"மகேன், நீ போனாயா?"

"போனேன்."

"அந்த இடத்துக்கேவா?"

"ஆமாம்."

"மலை பொருந்துகிறதா?"

அந்தப் பாறையின் மூக்கும் மலையின் வெட்டும் கோட்டில் வந்து நின்றதை நான் கண்ணால் கண்டவன். சொல்வதற்கு ஒரு சொல் போதும். அட்டையை எடுத்து வைத்தால் பெவர்லி மாலைக்குள் படத்தை வெளியே எடுத்துவிடுவார். அடுத்த கோடையில் எங்கள் ஊர் மண்ணில் நின்ற விமானம் எங்கள் ஊர் நிறத்தில் என் தலைக்கு மேலால் பறக்கும். கீழே எடுத்தவர் பெயர், திகதி, இடம்.

"உறுதிப்படுத்த முடியவில்லை" என்றேன். "காடாகிவிட்டது. அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

பெவர்லி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். 'இருக்கலாம்' என்று நான் சொல்லி அவர் கேட்டதில்லை. "ஒரு படம் கூடவா எடுக்கவில்லை?" என்றார்.

"வெளிச்சம் சரியில்லை."

சொந்தக்காரர் கிரஹாமைப் பார்த்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கிரஹாம் துருவித் துருவிக் கேட்டிருப்பார். இன்னொருவரை அனுப்புவோமா என்றும் கேட்டிருப்பார். எனக்காக அவர் அதைச் செய்யவில்லை.

"மகேனால் முடியவில்லை என்றால் யாராலும் முடியாது" என்றார். படத்தின் பின்பக்கம் பென்சிலால், இடம் தெரியாது என்று எழுதி, திகதியும் போட்டு, கீழே என் பெயரை எழுதினார். பெவர்லி நீல மட்டைகளை ஒன்றாக அடுக்கிப் பைக்குள் போட்டார்.

மதியத்துக்குப் பிறகு ஒரு மஞ்சள் நிறப் பயிற்சி விமானம் இறங்கும் என்று சொன்னார்கள். எல்லோரும் ஏணிகளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனோம். நான் என் கமராவிலிருந்த அட்டையை எடுத்துவிட்டு நசீருடையதைப் போட்டேன். மஞ்சள் விமானம் வந்து சுற்றி, இறங்கி, ஓடி நின்றது. விரலை எடுக்காமல் எடுத்தேன். அது கொட்டகைக்குள் போன பிறகு எரிபொருள் வண்டியை எடுத்தேன். புல் வெட்டும் டிராக்டரை எடுத்தேன். சாயம் பூசாத ஹரிக்கேனை எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்தேன். எடுக்க ஒன்றுமில்லாதபோது வெறும் ஓடுபாதையை எடுத்தேன். பெரிய அட்டை அது, கலியாணத்துக்கென்று வாங்கியது. நிறையாமல் வெகுநேரம் இழுத்தது. மற்றவர்கள் குடுவைகளை மூடி ஏணிகளை மடக்கத் தொடங்கியபோதுதான், இனி இடமில்லை என்று திரையில் எழுத்து வந்தது.

பெவர்லி பக்கத்தில் வந்து நின்றார். "இன்றைக்கு அப்படி என்ன இவ்வளவு படம்?" என்று கேட்டார்.

"வெளிச்சம் நன்றாக இருந்தது" என்றேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். காலையிலிருந்தே வானம் மூடித்தான் கிடந்தது. ஏணியை மடக்க எனக்கு ஒரு கை கொடுத்தார்.